உன் மகள் அறைக்கு அலமாரி வாங்கிய கதை

என் கண்ணான தங்கச்சி சபியாவுக்கு,

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னாலும் இருந்துகொண்டிருக்கிற அண்ணன் சிக்கந்தர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அங்கே உன் இடம் விசாலமாக இருக்கிறதா? காற்று வருகிறதா?

நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கபர்ஸ்தானுக்கு வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன். ஆனால் இந்த விஷயத்தை அங்கே வைத்துச் சொல்ல வாய் வரவில்லை, பக்கத்தில் யாராவது நின்றுகொண்டிருக்கிறார்கள். அங்கே கூச்சப்பட்டவன் இங்கே ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறானே என்று கேட்பாய். எனக்கும் அது விளங்கவில்லை. ஆனால் ஊர் படிக்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது, வரிசையாகச் சொல்லி அதற்கு வருகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். மற்றவர்கள் ஒரே வருடத்தில் முடித்த எட்டாம் வகுப்பை நான் மூன்று வருடம் ஆழமாகப் படித்தவன்.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் நஸ்ரீன் இப்போது மரைன் ஹில்லில் என் வீட்டில்தான் இருக்கிறாள். ஏழு வயதுக்கு நல்ல உயரம். உன் வீட்டுக்காரர் ரபீக் மாப்பிள்ளைக்கு தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில்தான் இன்னும் வேலை. தனியாளாகப் பத்து மாதம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார், பாவம். தலை பின்னத் தெரியாமல் முடியைக் கத்தரித்துவிட்டார் என்பதை மட்டும் நீ மன்னிக்க வேண்டும்.

கப்பலில் கொண்டுவந்து விட்ட அன்று துறைமுகத்திலேயே என்னிடம் சொல்லிவிட்டார். "மச்சான், ஸ்கூல் தொறக்குறதுக்கு முன்னாடி வருவேன். புள்ள ஒட்டிக்கிட்டா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா மெயின்லேண்டுக்குக் கூட்டிட்டுப் போய் எங்க உம்மாகிட்ட விட்டுருவேன். அப்புறம் நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"ஒட்டாம எங்க போகும்? என்னைப் பாத்தா போர்ட் பிளேர் புள்ளைங்க பூரா பின்னாடியே வரும்" என்றேன்.

வந்ததில்லை. அது உனக்கும் தெரியும். எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் என் வீட்டில் ஒரு கிலுகிலுப்பைகூட இருந்ததில்லை. ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நஸ்ரீன் ஒன் வீட்ல வளரட்டும்" என்றாயே, அப்போது பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன். வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த சில நிமிடங்களில் அது ஒன்று.

சரி, அறை விஷயத்துக்கு வருகிறேன். கடைச் சரக்கு அடுக்கி வைத்திருந்த பின் அறையைக் காலி செய்தேன். பிளாஸ்டிக் பக்கெட், நாற்காலி எல்லாம் இப்போது மாடிப்படியில் இருக்கிறது. உன் மதினி நூர்ஜஹான்தான் யோசனை சொன்னாள், மாடுலர் சாமான் வாங்கலாம் என்று. தனித்தனி பெட்டியாக வரும், சேர்த்துப் பூட்டிக்கொள்ளலாம், பிள்ளை வளர வளர மாற்றி அமைக்கலாம். கட்டில் நீளும், மேசை உயரும். அப்படி ஒரு சாமான் இருப்பது எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லிவிட்டேன். தெரியாது.

பர்னிச்சர் கடையில் இருந்தது சின்னப் பெண், தெலுங்குக் குடும்பம், தமிழ் நன்றாகப் பேசியது.

"இருக்கறதுலயே கனமான செட் எதும்மா?" என்றேன்.

"கனமா இருந்தா நல்லதுன்னு யார் சொன்னா அங்கிள்?"

"நான் பர்னிச்சர் லைன்ல இருபத்தஞ்சு வருஷம்மா."

"எந்த ஷோரூம் அங்கிள்?"

"ஹோல்சேல்" என்றேன். பிளாஸ்டிக் நாற்காலி என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பெண் விடவில்லை. மூலையெல்லாம் கூர் இல்லாமல் மழுங்கி இருக்க வேண்டுமாம். ட்ராயர் முழுசாக வெளியே வந்து காலில் விழாமல் உள்ளே ஒரு தடுப்பு வேண்டுமாம். கதவு மெதுவாக மூட வேண்டுமாம், விரல் நசுங்கக் கூடாது. பலகையின் வெட்டு ஓரமெல்லாம் பட்டை ஒட்டி மூடியிருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பசை நெடி அறைக்குள் நிற்கும், நம் தீவின் ஈரமும் பலகைக்குள் போகும். பிறகு பலகையில் ஈ-ஒன், ஈ-ஜீரோ என்று இரண்டு உண்டு, ஜீரோதான் உசத்தி என்றாள். அங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. ஜீரோ எப்படி உசத்தியாகும்? நான் பள்ளிக்கூடத்தில் நிறைய ஜீரோ வாங்கியவன், ஒருவரும் உசத்தி என்று சொன்னதில்லை. நெடி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, அதனால் ஜீரோ என்று அவள் மூன்று தடவை சொன்ன பிறகு பாதி விளங்கியது.

"புள்ளையோட உயரம் என்ன அங்கிள்?"

கையைத் தூக்கி ஒரு உயரம் காட்டினேன். நாலு பலகைத் துண்டு மாதிரிக்குக் கொடுத்து, "வீட்ல பாத்துட்டு வாங்க. இந்த ப்ளைவுட் கொதிக்கிற தண்ணியிலயும் தாங்கும்" என்று அனுப்பினாள்.

சொன்னால் நான் விடுவேனா? வீட்டுக்கு வந்ததும் தேக்சாவில் தண்ணீர் வைத்து நாலு துண்டையும் போட்டேன். கொதித்தது.

நூர்ஜஹான் அடுப்படிக்கு வந்து மூடியைத் திறந்தாள். "பெருநாளைக்கு பிரியாணி ஆக்குற தேக்சாவுல பலகைய அவிக்கிறீங்களா? ஒங்களுக்கு என்ன ஆச்சு?"

நஸ்ரீன் எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள். "மாமா, உப்புப் போட்டீங்களா?"

வந்து ஒன்பது நாள் கழித்து அவள் முதல் தடவையாகச் சிரித்தாள், சபியா. உன் சிரிப்பேதான், மூக்கு முதலில் சிரிக்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்த துண்டு டீயில் நனைந்த பன் மாதிரி உப்பிவிட்டது. ப்ளைவுட் அப்படியே கிடந்தது. அதையே வாங்கினேன். இந்தச் சோதனையை நானே கண்டுபிடித்ததாக பஜாரில் சொல்லி வைத்திருக்கிறேன், அதை அப்படியே விட்டுவிடு.

பெட்டி பெட்டியாகச் சாமான் வந்தது. பம்பூபிளாட்டிலிருந்து மண்டல் தாதா ஃபெர்ரியில் சாத்தம் வந்து இறங்கி, கருவிப் பையோடு வீட்டுக்கு வந்தார். நம் பழைய ஆசாரிதான். கட்டிலைப் பூட்டினார். கீழே ட்ராயர் வைத்த மேசையைப் பூட்டினார். அலமாரியை நிமிர்த்தினார். என்னைவிட உயரம். பிறகு சுவரைத் தட்டிப் பார்த்து, "சிக்கந்தர் பாய், தீவார்ல தோ போல்ட் மாரேகா. பச்சா கா கம்ரா ஹை" என்றார். பிள்ளையின் அறை, சுவரோடு இரண்டு போல்ட் போட்டு இறுக்கிவிடலாம் என்கிறார்.

"எதுக்கு தாதா? நான் வாங்குன சாமான் தானா நிக்கும். போல்ட் போட்டா சாமான் சரியில்லைன்னு பாக்குறவன் நெனைப்பான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பையிலிருந்து எடுத்த போல்ட்டைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். பூமி அடிக்கடி ஆடுகிற ஊரில் பிறந்து வளர்ந்தவன் பேசுகிற பேச்சா அது? இப்போது கேட்கிறேன். அப்போது கேட்கவில்லை.

அந்த அறையில் அவளைத் தனியாகப் படுக்க வைத்த மறுநாள் காலையில் எழுந்து எங்கள் கதவைத் திறந்தால் என் காலடியில் நஸ்ரீன். பாயை இழுத்துவந்து எங்கள் அறை வாசலில் போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். புது இடம், போகப் போகச் சரியாகும் என்றேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றிப் பூட்டினேன், துறைமுகம் தெரியட்டும் என்று. அவள் அங்கே படுக்க வரவில்லை. அலமாரியின் ரோஸ் கதவுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நீலக் கதவு வாங்கி மாட்டினேன். வரவில்லை. பசை நெடியாக இருக்குமோ என்று நானே அலமாரிக்குள் உட்கார்ந்து கதவை மூடிக்கொண்டு முகர்ந்து பார்த்தேன். துணி அடுக்க வந்த நூர்ஜஹான் கதவைத் திறந்து போட்ட கூச்சல் கீழ் ரோடு வரை கேட்டிருக்கும். நெடி இல்லை. ஜீரோ ஜீரோதான். பிறகு ஏன்?

பகலெல்லாம் அந்த அறையில் சந்தோஷமாக விளையாடுகிறாள். ஆனால் காலையில் பார்த்தால் வாசலில். அதற்குள் மாப்பிள்ளை போன் செய்துவிட்டார், வெள்ளிக்கிழமை இங்கே வந்து சேருகிற கப்பலுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது என்று. "புள்ள தனியா ஒழுங்காத் தூங்குதா மச்சான்?" என்றார். "ராணி மாதிரி" என்றேன். போனை வைத்துவிட்டு, வாசலில் கிடந்த அவள் பாயைச் சுருட்டி உள்ளே வைத்தேன்.

"இத்தனை தடவை கட்டிலை மாத்துனீங்களே, புள்ளைகிட்ட ஒரு தடவை கேட்டீங்களா?" என்றாள் நூர்ஜஹான்.

கேட்கவில்லை. அன்று மதியம் சோற்றில் மீன் முள் எடுத்துப் போட்டுக்கொண்டே அவளே கேட்டாள். "அந்த ரூம்ல என்னம்மா பயம் ஒனக்கு? மாமிகிட்ட சொல்லு."

"பயம்லாம் இல்ல மாமி. அங்க மாமா இல்லல்ல?"

"மாமா எதுக்கு?"

"அலமாரியத் தாங்க."

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன்.

"நெலம் ஆடுனா பெரிய பீரோல்லாம் நடந்து வரும் மாமி. சுனாமி அன்னைக்கு நாலு ஆளு சேந்தாலும் தூக்க முடியாத பீரோவ மாமா முதுகுல தாங்கி நின்னாங்க. உம்மா அவங்க காலுக்கு நடுவுல புகுந்து வெளிய வந்துச்சு. மாமாதான் சொன்னாங்க, நான் வந்த அன்னைக்கே. அந்த ரூம் தூரம்ல? ஆடுச்சுன்னா மாமா ஓடி வர லேட்டாயிரும். அதான் பக்கத்துலயே படுத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள். நூர்ஜஹான் என்னைப் பார்த்தாள். பெருமையாகத்தான் பார்த்தாள், சபியா. அவளும் அதை நம்புகிறவள்தானே. அந்தக் கதையைக் கேட்டுத்தான் அவள் வாப்பா எனக்குப் பெண் கொடுத்தார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இப்போது ஊருக்கும் சொல்கிறேன், இதற்குத்தான் இந்தக் கடிதம்.

உம்மாவும் வாப்பாவும் ராமநாதபுரத்துக்குப் போயிருந்தார்கள். பழைய வாடகை வீட்டில் நீயும் நானும்தான். காலையில் தரை ஆட ஆரம்பித்ததும் நான் ஓடினேன். உன்னைக் கூப்பிடக்கூட இல்லை. ரோட்டில் போய் நின்ற பிறகுதான் உள்ளே தங்கச்சி இருக்கிறாள் என்பதே நினைவு வந்தது. அப்போது வீட்டுக்குள் ஒரு சத்தம். படாக் மரப் பீரோ வாசலை அடைத்துக்கொண்டு விழுந்திருந்தது. நீ சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் நின்றதும் அடுப்படி ஜன்னல் வழியாக வெளியே வந்தாய். முழங்கையில் ரத்தம். ரோட்டில் எல்லாரும் உன்னைச் சூழ்ந்துகொண்டு, எப்படிம்மா தப்பிச்சே என்று கேட்டார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

"அண்ணன் பீரோவைப் புடிச்சுக்கிட்டுச்சு. நான் வந்துட்டேன்" என்றாய்.

ஏன் சபியா? ஏன் அப்படிச் சொன்னாய்? இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை. நீயாகவும் சொல்லவில்லை. நீ கொடுத்தது ஒரு வரி. நான்தான் அதற்கு முதுகு வைத்தேன், நாலு ஆள் கனம் வைத்தேன், கல்யாண வீடுகளில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பீரோவை ஒரு அடி உயரமாக்கினேன். நீ பக்கத்தில் இருந்தாலும் மறுத்ததில்லை. காபியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாய். அந்தப் பீரோ கடைசியில் உன் மகளைத் தூங்கவிடாமல் வாசலில் கொண்டுவந்து போட்டிருக்கிறது.

உண்மையைச் சொல்லலாமா என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். சொன்னால், வாசலில் படுத்தால் போதும் என்கிற அந்தத் தைரியமும் போய்விடாதா? மாமாவே ஓடினவர் என்றால் இந்த வீட்டில் அவள் யாரை நம்புவாள்? அதுவும் போகட்டும், அது நீ சொன்ன வார்த்தை. நீ இல்லாதபோது அதை உடைக்க நான் யார்? சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை கப்பலில் மாப்பிள்ளை வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது. நானும் அதே அறையில் படுத்துக்கொள்கிறேன் என்று நூர்ஜஹானிடம் சொன்னேன். "எத்தனை நாளைக்கு? அது கல்யாணம் ஆகிப் போற வரைக்குமா?" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் நஸ்ரீனின் அறைத் தரையில் போய் உட்கார்ந்தேன். நூர்ஜஹானையும் கூப்பிட்டேன். ஒரே தடவையில் இரண்டு பேருக்கும் சொல்லிவிடலாம், இரண்டாம் தடவை சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது.

"நஸ்ரீன், மாமா பீரோவத் தாங்கல. ஓடிட்டேன்."

"சச் மே?" என்றாள். நிஜமாகவா என்பதை அவள் ஹிந்தியில்தான் கேட்பாள், கேம்பல் பே பழக்கம்.

"சச் மே."

"செருப்புப் போட்டுக்கிட்டா?"

"ஒரு கால்ல மட்டும்."

"உம்மாவ விட்டுட்டா?"

இதற்கு ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நூர்ஜஹான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா, இன்னும் எனக்குத் தெரியாது. இரண்டு நாள் டீயை மேசையில் வைத்துவிட்டுப் போனாள், கையில் தரவில்லை.

நஸ்ரீன் அடுத்ததைக் கேட்டாள். "அப்போ உம்மா எப்டி வந்துச்சு?"

"மேசைக்கு அடியில போயிட்டா. மேசைக் காலைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. ஆட்டம் நின்னதும் ஜன்னல் வழியா குதிச்சு வந்தா."

"தனியாவா?"

"தனியா."

உடனே எழுந்து தன் மேசைக்கு அடியில் புகுந்து பார்த்தாள். பாதிதான் போக முடிந்தது, நான் ஆசைப்பட்டு வாங்கிய ட்ராயர் பெட்டி அங்கே அடைத்துக்கொண்டிருந்தது. கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து குரல் வந்தது. "மாமா, இதக் கழட்டுங்க. நான் எங்க போறது?"

இத்தனை பேர் இத்தனை நாள் யோசித்து வாங்கிய சாமான். மழுங்கிய மூலை பார்த்தோம், நெடி பார்த்தோம், வேக வைத்துப் பார்த்தோம். பிள்ளை ஒளிய இடம் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லையே. மாடுலர் என்றால் கழற்றலாம் என்ற ஒன்றுதான் அப்போது என்னைக் காப்பாற்றியது. பெட்டியைக் கழற்றிக் கட்டில் காலடியில் வைத்தேன். மேசைக்கு அடியில் முழுசாக உட்கார்ந்து, இரண்டு கையாலும் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டாள். "இப்டியா புடிச்சுச்சு உம்மா?" என்றாள். ரோட்டில் நின்றவனுக்கு எப்படித் தெரியும்? நீ எப்படிப் பிடித்திருந்தாய் சபியா?

"அலமாரி?" என்றாள் அடுத்து.

மண்டல் தாதாவுக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை காலை முதல் ஃபெர்ரியில் வந்தார். அதே இரண்டு போல்ட்டைப் பையிலிருந்து எடுத்தார், எல் எழுத்து மாதிரி வளைந்த இரும்புப் பட்டியும் எடுத்தார். "அப் மாருங்கா?" என்றார், இப்போதாவது அடிக்கட்டுமா என்று. அடிங்க தாதா என்றேன். கான்கிரீட்டில் துளை போட்டு, அலமாரியின் தலையைச் சுவரோடு இறுக்கினார். புத்தக அடுக்கையும் இறுக்கினார். கனமான சாமான் கீழ்த்தட்டில், லேசானது மேலே என்று நஸ்ரீனுக்குக் காட்டிக் கொடுத்தார்.

அவளுக்கு அது போதவில்லை. "மாமா, நீங்க இழுங்க."

"நானா?"

"நீங்கதான். நெஜமா இழுக்கணும். சும்மா இழுக்கக் கூடாது."

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தேன். அசையவில்லை. காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தேன். தோள்பட்டையில் ஏதோ சொடுக்கியது. நஸ்ரீன் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே கண்ணை வைத்து, இடைவெளி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. பார்த்தால் பையும் கையுமாக ரபீக் மாப்பிள்ளை.

"என்ன மச்சான் பண்றீங்க?"

மூச்சு வாங்கியது. "முடியல மாப்பிள்ளை. என்னால முடியல" என்றேன்.

"மாமி! மாமாவால முடியல!" என்று நஸ்ரீன் கத்திக்கொண்டே அடுப்படிக்கு ஓடினாள். என் பலம் போதவில்லை என்பதை ஒருத்தி அவ்வளவு சந்தோஷமாக ஊருக்குச் சொல்லி, நானும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

மாப்பிள்ளையிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், ராணி மாதிரித் தூங்குகிறாள் என்று போனில் சொன்னதையும் சேர்த்து. அவர் பதிலுக்கு ஒன்று சொன்னார். உன் முழங்கைத் தழும்பு எப்படி வந்தது என்று அவர் கேட்டபோதெல்லாம் நீ ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை சொல்வாயாம். அதைக் கேட்டதும் நான் இன்னும் குழம்பிவிட்டேன். கதை கட்டுகிற ஆள் நம் குடும்பத்தில் நான் ஒருவன்தான் என்றல்லவா நினைத்திருந்தேன்?

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது வாசலில் யாரும் இல்லை. அவள் அறை வாசலில் மாப்பிள்ளை டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே உன் மகள் கட்டிலில் குறுக்காக, ஒரு கால் வெளியே தொங்க, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், கேம்பல் பேக்கு ஒரு டிக்கெட் போட்டாப் போதும். எனக்கு மட்டும்" என்றார் மெதுவாக, பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று.

இன்று பள்ளிக்கூடம் திறந்து நாலாம் நாள். நூர்ஜஹான் டீயைக் கையில் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் செய்தது சரிதானா, நீ கொடுத்ததை நான் உடைத்தேனா, திருப்பிக் கொடுத்தேனா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உனக்குப் பிடிபட்டால் கனவிலாவது வந்து சொல்.

ஒன்று வாக்குக் கொடுக்கிறேன். இனி எந்தக் கல்யாண வீட்டில் யார் கேட்டாலும் நீ மேசைக்கு அடியில் புகுந்து, தனியாகத் தப்பி வந்ததைத்தான் சொல்வேன். நான் ஓடினதையும் சொல்வேன். ஓடின வேகத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லிக்கொள்கிறேன் சபியா, அந்த அளவுக்கு இடம் கொடு.

இப்படிக்கு,
உன்னை உள்ளே விட்டு ஓடினவனும், உன் மகளை விட்டு எங்கும் போகாதவனுமான
உன் அண்ணன், நஸ்ரீனின் மாமா,
சிக்கந்தர்
மரைன் ஹில், போர்ட் பிளேர்